பயிற்சி அளித்தவர் யார்?

போன வருஷம் எங்க ஊருக்கு ஒரு பயிற்சி முகாம் வந்தது. சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டை எங்க ஊர். காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி என்றார்கள். யார் நடத்தினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. இப்படி நடத்துகிறவர்கள் நிறையப் பேர். நாற்காலி போட்டு, துணியில் அச்சடித்த படத்தை மாட்டி, ஒரு தம்பி பாடம் எடுத்தார். நல்ல தம்பிதான். காப்பிச் செடியின் தண்டைத் துளைக்கிற பூச்சியைப் பற்றி அன்றைய பாடம். படத்தில் வண்டு முழ நீளத்துக்கு இருந்தது. "இந்தப் பூச்சி விழுந்த செடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. பெண்கள் பேசாமல் இருந்தால் அவர்களுக்குத் தெரியாது என்று எழுதிக்கொள்வது வழக்கம். அவரும் எழுதிக்கொண்டார்.

மத்தியானம் செடியில் காட்டிச் சொல்லித் தர எல்லாரையும் தோட்டத்துக்குள் கூட்டிப்போனார். அங்கும் இங்கும் பார்த்தார். அவர் தேடிய செடி அகப்படவில்லை. பின்னால் நின்ற எங்க அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு குனிந்தாள். ஒரு செடியின் தண்டை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே தடவினாள். விட்டாள். அடுத்த செடி. விட்டாள். நாலாவது செடியில் கை நின்றது.

"இதுல இருக்குது சார். தொட்டுப் பாருங்க. உள்ள புழு போன தடம் வரப்பு மாதிரி எழும்பி நிக்கும்."

அவர் தொட்டுப் பார்த்தார். தெரியவில்லை. அம்மா அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். "ஆமாம்மா, இருக்கு" என்றார். செல்போனில் அம்மாவின் கையைப் படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. பயிற்சி பெற்றவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர், எழுத்துப் பிழையோடு. பயிற்சி அளித்தவர் என்ற இடத்தில் அந்தத் தம்பியின் கையெழுத்து. முகாமுக்குப் போன இரண்டு நாளும் அம்மாவுக்குத் தோட்டத்தில் பேர் விழவில்லை. பேர் விழவில்லை என்றால் கூலி இல்லை.

அம்மா இதைப் பெரிய அநியாயமாக நினைக்கவில்லை. சான்றிதழை அரிசி மூட்டைக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அம்மா பதினாலு வயசில் அரை ஆளாகத் தோட்டத்துக்குப் போனவள். அரை ஆள் என்றால் கூலி அரை, வேலை முழுசு. அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்தது பெரியம்மா. சொல்லிக் கொடுத்தது என்பதுகூடச் சரியில்லை. பெரியம்மா வாயால் அதிகம் சொன்னதில்லை. தன் வரிசைக்கு அடுத்த வரிசையில் அம்மாவை நிறுத்திக்கொண்டாள். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து இந்தக் கை பழகியது.

பழம் பறிப்பது சும்மா இல்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை அரபிக்கா பழுக்கும். ஒரே கொத்தில் சிவப்பும் இருக்கும், பச்சையும் இருக்கும். சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும். காம்போடு இழுத்தால் அடுத்த வருஷம் பூக்க வேண்டிய கணு போய்விடும். விரலால் லேசாகத் திருகினால் பழம் தானே கைக்கு வரும். அம்மாவின் கை இதைக் கற்றுக்கொள்வதற்குள் அந்த வருஷப் பறிப்பே முடிந்துவிட்டது. பச்சை கலந்த ஒவ்வொரு நாளும் எடையில் கழித்தார்கள்.

கவாத்து இன்னும் கஷ்டம். நடுத்தண்டைச் சுற்றி அரை அடிக்குக் காற்றும் வெளிச்சமும் இறங்க வழிவிட வேண்டும். நேராக மேலே கிளம்புகிற போத்தை ஒடிக்க வேண்டும். காய்த்து ஓய்ந்த கிளை எது, அடுத்த வருஷம் காய்க்கப்போகிற கிளை எது என்று பார்த்துக் கத்தி வைக்க வேண்டும். தப்பாக வெட்டியது தெரிய ஒரு வருஷம் ஆகும். கவாத்து என்ற சொல்லுக்குப் பட்டாளத்து அணிவகுப்பு என்றும் பொருள் உண்டு என்று எம்.ஏ. படிக்கும்போது தெரிந்துகொண்டேன். ஊருக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான். மேஸ்திரி சத்தம் போடுவான், நாங்க வரிசையாப் போவோம்" என்றாள்.

தண்டுப் பூச்சி ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தரமும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒரு தரமும் வெளியே பறக்கும். அதற்கு முன்னால் பூச்சி விழுந்த செடியைத் தேடிப் பிடுங்கி எரிக்காவிட்டால் அக்கம்பக்கத்துச் செடிக்கும் போகும். நிழல் குறைந்த இடத்தில் அதிகமாக விழும். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. எங்க தோட்டத்தில் மேற்குச் சரிவில் சில்வர் ஓக் வெட்டின இடத்தில்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை. அம்மாவிடம் இருக்கிறது.

இந்த அறிவைச் சம்பாதிக்க ஆன செலவை யார் கொடுத்தது? எடையில் கழிந்தது, பேர் விழாமல் போனது, மேஸ்திரியிடம் வாங்கிய ஏச்சு எல்லாம் கற்றுக்கொண்டவள் கணக்கில். பலன் தோட்டத்தின் கணக்கில். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று ஏற்காட்டைப் பற்றி எழுதுகிற எல்லாரும் எழுதுகிறார்கள். செடியைக் கொண்டுவந்தவர் பெயர் இருக்கிறது. அந்தச் செடிக்கு எங்கே கத்தி வைப்பது என்று இருநூறு வருஷமாக ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குக் கொடுத்து வந்தவர்களின் பெயர் ஒன்றையும் நான் எங்கும் படித்ததில்லை.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1946இல் குறைந்தபட்சக் கூலி மசோதாவை அவர் அவையில் வைத்தார். 1948இல் அது சட்டமானது. இப்போது அதன் இடத்தில், 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது தொழிலாளியின் திறனைப் பார்ப்பதற்கு அதில் நாலு தட்டு சொல்லப்பட்டிருக்கிறது: திறன் இல்லாதவர், ஓரளவு திறன் உள்ளவர், திறன் உள்ளவர், மிகுந்த திறன் உள்ளவர். எங்க அம்மா எந்தத் தட்டு? தோட்டத்துப் பேரேட்டில் அவள் நாற்பது வருஷமாக அடித்தட்டு. திறன் இல்லாதவள். எங்க சனத்துக்குத் தட்டு ஒன்றும் புதிதில்லை. பிறப்பில் ஒன்று வைத்தார்கள், வேலையில் ஒன்று வைத்தார்கள். இரண்டிலும் எங்க இடம் ஒன்றாகவே இருப்பது தற்செயலா என்று மட்டும் கேட்கிறேன்.

வேலையைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள் என்று சொல்கிறோம். யார் எதைப் பார்க்க விடப்படுகிறார்கள் என்று கேட்பதில்லை.

பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்க வேண்டும். தோல் போன கொட்டையில் வழவழப்பு ஒட்டியிருக்கும். அதைத் தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் ஊறப் போடுவார்கள். வழவழப்பு விட்டுப்போனதும் கழுவ வேண்டும். முன்னால் கழுவினாலும் கெடுதி, பின்னால் கழுவினாலும் கெடுதி. புளித்து நாறிய காப்பிக்கு விலை இல்லை. அந்த நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. அது தெரிந்தவர்களுக்குக் கூலி அதிகம். எங்க தோட்டத்தில் பல்ப்பர் வீட்டுக்குள் எங்க ஆட்கள் யாரும் போனதில்லை. பழ மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். "பொம்பளைங்க உள்ள வரக்கூடாது" என்று காரணம் சொன்னார்கள். அது பாதிக் காரணம். எங்க ஆம்பளைகளும் உள்ளே போனதில்லை. மீதிக் காரணம் அந்தத் தொட்டித் தண்ணீர்.

அம்மா ஒரு பறிப்புக் காலம் முழுக்க மூட்டை இறக்குகிற சாக்கில் பல்ப்பர் வீட்டு ஜன்னலில் நின்றிருக்கிறாள். உள்ளே இருப்பவர் தொட்டியில் கை விட்டு ஒரு பிடி எடுத்து, தண்ணீரில் அலசி, இரண்டு கைக்கும் நடுவே தேய்ப்பார். சத்தத்தைக் கேட்பார். சரளைக் கல் மாதிரி நறநறவென்றால் கழுவலாம். அதை அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று கற்றுக்கொண்டாள். ஒரு நாள் ரைட்டர் பார்த்துவிட்டார். "என்ன புள்ள வேடிக்கை? உனக்கு அங்க என்ன வேலை?" என்று கத்தினார். அன்றைக்கு அரைப் பேர்.

அந்தத் தோட்டத்துக் காப்பியை நாங்கள் குடித்ததும் இல்லை. உலர்களத்தில் பெருக்கி எடுத்த உடைசலை வறுத்து இடித்துக் குடித்தோம். தான் நாற்பது வருஷமாகப் பறித்த பழத்தின் ருசி என்ன என்று அம்மாவுக்குத் தெரியாது. எந்தப் பழம் எந்த ருசியைக் கொடுக்கும் என்பது தெரிந்தால்தான் பறிப்பு அறிவு முழுமையாகும். அந்தக் கடைசிப் பாடத்தின் கதவு சாத்தியே இருந்தது.

ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் என்ற இருவர் 1991இல் எழுதிய ஒரு புத்தகத்தைப் பற்றி நண்பர் ஒருவர் சொன்னார். பள்ளிக்கூடம் இல்லாமல் வேலை செய்யும் இடத்திலேயே மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பது அதன் விஷயம். ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டுத் தையற்காரர்களிடம் வேலை கற்க வருகிறவன் முதலில் பட்டன் தைப்பான், ஓரம் மடித்துத் தைப்பான். துணி வெட்டுவது கடைசியில்தான் வரும். தப்புச் செய்தாலும் நஷ்டம் குறைவாக இருக்கிற வேலை முதலில். ஆனால் முதல் நாளிலிருந்தே முழு உடுப்பும் அவன் கண்முன்னால் உருவாகிறது. அதே புத்தகத்தில் அமெரிக்காவின் இறைச்சிக் கடைகளைப் பற்றியும் வருகிறது. வேலை கற்க வந்த இளைஞர்களைப் பொட்டலம் கட்டும் எந்திரத்தின் முன் நிறுத்திவிட்டார்கள். கைதேர்ந்தவர்கள் இறைச்சி வெட்டும் இடம் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் வருஷக்கணக்கில் நின்றும் பொட்டலம் கட்ட மட்டுமே கற்றார்கள். இதைக் கேட்டபோது எனக்குப் பல்ப்பர் வீட்டு ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் கடையின் அமைப்பு மறைத்தது. இங்கே மறைக்கச் சாதி இருக்கிறது.

இதையெல்லாம் கூட்டங்களில் பேசும்போது தோழர்கள் சிலர் சட்டென்று கேட்கிறார்கள்: "வேலையே கல்வி என்று நீங்களே பேசினால் அது குலக்கல்வி ஆகாதா?" கேட்கவேண்டிய கேள்விதான். எனக்குள்ளும் அந்தப் பயம் உண்டு.

1953இல் ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தினம் மூன்று மணி நேரம். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் அதை எதிர்த்தார். தமிழ்நாடே கொதித்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. அன்றைக்கு அது நிலைத்திருந்தால் நான் எம்.ஏ. படித்திருக்க மாட்டேன். அரை ஆளாகப் பேர் விழுந்திருக்கும். 2023இல் ஒன்றிய அரசு பதினெட்டுத் தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தபோதும் தமிழ்நாட்டில் இதே கேள்வி எழுந்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை கூடாது என்றது தமிழக அரசு. 2024 நவம்பரில் அத்திட்டத்தை அப்படியே நடைமுறைப்படுத்த முடியாது என்று ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின். அந்த எச்சரிக்கை நமக்கு எப்போதும் வேண்டும்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படித்துவிட்டு வந்த புதிதில் நான் அம்மாவின் வேலையை வெறுத்தேன். லயன் வீட்டை வெறுத்தேன். கூடையை வெறுத்தேன். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அம்மா கோபப்படவில்லை. "நீ படிச்சது படிப்பு கண்ணு. நான் நாப்பது வருஷமாப் படிச்சதுக்குப் பேரு என்ன? அத மட்டும் சொல்லிட்டுப் போ" என்றாள். பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. திறன் இல்லாதவள் என்று பேரேட்டில் எழுதியவனும் நானும் அன்றைக்கு ஒரே பக்கத்தில் நின்றோம்.

அப்புறம் யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். குலக்கல்வி பிள்ளையின் பள்ளி நேரத்தைப் பிடுங்கியது. பிறந்த வீட்டை வைத்து வேலையை விதித்தது. நாங்கள் கேட்பது, பெரியவர்கள் ஏற்கனவே உழைத்துக் கற்றதற்குக் கூலியும் பெயரும். அடுத்த அறைக்குள் போக உரிமை. வேண்டாம் என்றால் வேறு வேலைக்குப் போகவும் அந்த அறிவு கை கொடுக்க வேண்டும். என் அக்கா மகள் தோட்டத்துக்குப் போகக் கூடாது என்பதில் நானும் அம்மாவும் ஒரே முடிவில் இருக்கிறோம். அம்மாவின் அறிவை மதிப்பதற்கும் அந்தப் பிள்ளையைக் கூடை தூக்க அனுப்புவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மதிக்காமல் விட்டதால்தான் இத்தனை தலைமுறை கூடை தூக்கியது.

2015இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தில், ஏற்கனவே வேலையில் கற்றதைச் சோதித்துச் சான்று தருவதற்கு என்றே ஒரு பிரிவு உண்டு. எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் கூலித் தட்டை மாற்றாத எந்தச் சான்றும் எங்க வீட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால்தான் போகும்.

முகாம் முடிந்த பிறகு நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். பெரிய காரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். எட்டுப் பெண்கள். மலையாளிப் பழங்குடி அண்ணன் ஒருவர் தன் ஒரு ஏக்கர் காப்பியில் எங்களை விட்டார். அங்கே தப்பாக வெட்டினால் திட்ட மேஸ்திரி இல்லை. புதுசாக வேலைக்கு வந்த மருமகள்கள் தைரியமாகக் கத்தி வைத்தார்கள், தப்புச் செய்தார்கள், சிரித்தார்கள். ஏன் தப்பு என்று மூத்தவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு ஆச்சரியம் இதுதான்: முகாமில் வாயே திறக்காதவர்கள் இங்கே ஒருவரை ஒருவர் பேச விடவில்லை. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்தாள். "எங்க பக்கத்துச் சரிவுல அப்படி வெட்டுனா வெயில்ல காஞ்சிடும்" என்றாள். அந்தச் சண்டையில் நான் கற்றது எந்த வகுப்பிலும் கற்கவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன்.

அந்த நோட்டை வைத்துத் தோட்டத்தில் மூன்று கோரிக்கை வைத்தோம். புது ஆளுக்கு முதல் பதினைந்து நாள் எடையில் கழிக்கக் கூடாது. புது ஆளைப் பழக்குகிறவளுக்குத் தினம் அரை மணி நேரம் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். பல்ப்பர் வீட்டு வேலை எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். மேனேஜர் சிரித்தார். "வேலை சொல்லித் தர்றதுக்குத் தனியா காசா? காலங்காலமா நடக்கறதுதானே?" என்றார்.

அம்மா சொன்னாள்: "காலங்காலமா நடந்துச்சுல்ல சார், அதுக்குத்தான் கேக்கறோம்."

முதல் கோரிக்கை இந்தப் பறிப்புக் காலத்தில் கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை. மூன்றாவதில், இரண்டு பெண்களை உள்ளே விட்டார்கள். அவர்களில் ஒருத்தி அம்மா. முதல் நாள் தொட்டியில் கை விட்டு, ஒரு பிடி எடுத்து, அலசி, தேய்த்து, காதருகே வைத்துக் கேட்டிருக்கிறாள். "இன்னும் ஆவல, ராத்திரி ஆவும்" என்று சொல்லியிருக்கிறாள். உள்ளே இருந்தவர் தானும் ஒரு பிடி எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாராம். "நீங்கதான். ஜன்னல்ல" என்றாளாம்.

கூலித் தட்டு இன்னும் மாறவில்லை. பேரேட்டில் அவள் இன்றைக்கும் திறன் இல்லாதவள்தான். அதற்கான மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மனுவோடு இணைக்க நோட்டைத் திருத்தி எழுதினேன். முதல் பக்கத்தில் ‘பயிற்சி அளித்தவர்’ என்று போட்டு அம்மாவின் பெயரைப் பிழையில்லாமல் எழுதிப் படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எனக்குச் சொல்லிக் குடுத்தவ பேர அதுக்கு மேல எழுது" என்றாள். பெரியம்மா செத்து ஒன்பது வருஷமாகிறது. எழுதினேன். "அவளுக்குச் சொல்லிக் குடுத்தவ பேரு?" என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. லயனில் மூத்தவர்களைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று போயிருக்கிறாள்.